ஆர்பி1 மரபணு சோதனை: ரத்தம் கொடுப்பது முதல் அறிக்கையைப் படிப்பது வரை ஒரு முழு வழிகாட்டி

குழந்தையின் கண்ணில் இருப்பது ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரைப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகிச்சையும் ஆரம்பித்தாயிற்று. அப்புறம் ஒருநாள், "ஆர்பி1 டெஸ்ட் ஒன்று எடுத்துவிடலாம்" என்கிறார். சில வாரம் கழித்து நாலைந்து பக்கத்தில் ஓர் அறிக்கை வருகிறது. பெரும்பாலான குடும்பங்கள் அதில் தடித்த எழுத்தில் இருக்கும் ஒரே வரியைத்தான் பார்க்கின்றன: மாற்றம் கண்டறியப்பட்டது, அல்லது கண்டறியப்படவில்லை. முதலாவது என்றால் இடிந்துபோகிறார்கள். இரண்டாவது என்றால் நிம்மதியாகி ஃபைலை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவு.

இந்தச் சோதனை பதில் தேடுவது ஒரே கேள்விக்கு. மரபணுவில் விழுந்த முதல் பழுது குழந்தையின் உடம்பிலுள்ள எல்லா செல்களிலும் இருக்கிறதா, இல்லை கண்ணில் ஏதோ ஒரு செல்லில் மட்டும் பிறந்ததா? அடுத்த கண்ணுக்கு ஆபத்து உண்டா, தம்பி தங்கைக்குச் சோதனை வேண்டுமா, இந்தக் குழந்தை வளர்ந்தபின் எதைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

படி 1: இந்த மரபணு என்ன வேலை செய்கிறது?

ஆர்பி1 இருப்பது 13ஆம் குரோமோசோமின் நீண்ட கையில். சுமார் 1,80,000 டி.என்.ஏ. எழுத்துகள் நீளம், 27 எக்ஸான்கள். எக்ஸான் என்பது புரதம் செய்யும் செய்தி எழுதப்பட்டிருக்கும் பகுதி. அந்த 27 துண்டுகளும் சேர்ந்து 928 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கான செய்தியைத் தருகின்றன. அதற்கு ஆர்பி புரதம் என்று பெயர்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய நான்கு கட்டங்களைக் கடக்கிறது. ஜி1 கட்டத்தில் வளர்கிறது. எஸ் கட்டத்தில் தன் டி.என்.ஏ. முழுவதையும் இன்னொரு பிரதி எடுக்கிறது. ஜி2 கட்டத்தில் எல்லாம் சரியா என்று பார்த்துக்கொள்கிறது. எம் கட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. இதில் பெரிய முடிவு எடுக்கப்படுவது ஜி1 கட்டத்தின் கடைசியில். அங்கே ஓர் எல்லை இருக்கிறது; அதைத் தாண்டிவிட்டால் வெளியிலிருந்து வளர்ச்சிச் செய்தி வராமல் போனாலும் செல் பிரிந்தே தீரும் என்று ஆர்தர் பார்டீ என்ற விஞ்ஞானி 1974இல் காட்டினார். அந்த எல்லையில் காவல் நிற்பது ஆர்பி புரதம்.

அது எப்படிக் காவல் காக்கிறது? ஈ2எஃப் என்றொரு புரதக் குடும்பம் உண்டு. டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கத் தேவையான மரபணுக்களை முடுக்கிவிடுவது இதன் வேலை. செல் சும்மா இருக்கும்போது ஆர்பி புரதம் ஈ2எஃப்பை இறுகப் பிடித்து, அந்த மரபணுக்களை மூடியே வைத்திருக்கும். வளர்ச்சிச் செய்தி வந்ததும் சைக்ளின் டி என்ற புரதம் செல்லில் சேர ஆரம்பிக்கும். அது சிடிகே4, சிடிகே6 ஆகிய நொதிகளோடு சேர்ந்து ஆர்பி புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும். பிறகு சைக்ளின் ஈயும் சிடிகே2வும் மீதியை ஏற்றும். பாஸ்பேட் ஏற ஏற ஆர்பி புரதத்தின் வடிவம் மாறி, ஈ2எஃப் மீதிருந்த பிடி விட்டுப்போகும். விடுபட்ட ஈ2எஃப் முடுக்கிவிடும் மரபணுக்களில் சைக்ளின் ஈயின் மரபணுவும் ஒன்று. அதாவது ஈ2எஃப் வெளியே வந்ததும் தன்னை விடுவித்த ஆளையே இன்னும் கூட்டிவருகிறது. எல்லையைத் தாண்டிய செல் திரும்பி வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரிந்து முடிந்தபின் பாஸ்பேட்டுகள் கழற்றப்பட்டு, ஆர்பி புரதம் மறுபடி காவலுக்கு வருகிறது.

இந்த இயந்திரத்தின் சைக்ளின்களையும் சிடிகேக்களையும் கண்டுபிடித்த லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர்பி புரதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வைரஸ்களே சாட்சி. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ், ஈ7 என்ற தன் புரதத்தை அனுப்பி ஆர்பி புரதத்தைத்தான் முடக்குகிறது. செல்லைப் பிரிய வைக்க வேண்டுமானால் யாரை முதலில் அகற்ற வேண்டும் என்பது அந்தச் சின்ன வைரஸுக்குத் தெரிந்திருக்கிறது.

படி 2: இரண்டு பிரதி, இரண்டு பழுது

ஒவ்வொரு செல்லிலும் ஆர்பி1 இரண்டு பிரதிகளாக இருக்கிறது; அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சைக்கிளில் முன்பிரேக் அறுந்தாலும் பின்பிரேக்கை வைத்து வண்டியை நிறுத்திவிடலாம் இல்லையா, அதுபோல ஒரு பிரதி கெட்டாலும் இன்னொன்று செல்லைக் கட்டுக்குள் வைத்திருக்கும். இரண்டும் கெட்டால்தான் ஆபத்து.

இதை 1971இலேயே, மரபணு எது என்று யாருக்கும் தெரியாத காலத்தில், ஆல்ஃபிரட் நட்சன் என்ற மருத்துவர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையின் 48 குழந்தைகளின் விவரத்தை எடுத்துக்கொண்டு, எந்த வயதில் நோய் தெரிந்தது என்று வரைந்து பார்த்தார். இரண்டு கண்ணிலும் கட்டி வந்த குழந்தைகளின் வரைகோடு ஒரே ஒரு நிகழ்வு போதும் என்று காட்டியது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களின் வரைகோடு இரண்டு நிகழ்வுகள் தேவை என்று காட்டியது. அவர் எடுத்த முடிவு இதுதான்: முதல் வகைக் குழந்தைகள் ஒரு பழுதோடு பிறக்கிறார்கள், மற்றவர்களுக்கு இரண்டு பழுதும் பிறகு, கண்ணிலேயே நடக்கின்றன. பேனாவும் வரைபடத் தாளும் கொண்டு இவ்வளவு தூரம் பார்க்க முடிந்தது என்பதை இன்றும் வியக்காமல் இருக்க முடியவில்லை. 1986இல் ஸ்டீஃபன் ஃபிரெண்ட், தாடியஸ் ட்ரைஜா, ராபர்ட் வைன்பர்க் குழு மரபணுவையே பிரித்தெடுத்தது. கட்டியை அடக்கும் மரபணு என்ற வகையில் முதன்முதலாகக் கையில் அகப்பட்டது இதுதான்.

ஒரு கேள்வி எல்லாருக்கும் வரும். எல்லா செல்லிலும் பழுது இருந்தால் ஏன் கண்ணில் மட்டும் கட்டி? விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்களாக மாறப்போகும் இளம் செல்கள், ஆர்பி புரதம் இல்லாமல் போனதும் பிரிய ஆரம்பிப்பதற்கு ஏற்ற நிலையில் ஏற்கெனவே இருக்கின்றன. மற்ற பல திசுக்களில் ஆர்பி போனால் செல் செத்துவிடும், அல்லது அதன் உறவுப் புரதங்கள் ஓரளவு சமாளிக்கும். அந்த இளம் செல்கள் சிறு வயதில் மட்டுமே இருக்கின்றன. அதனால்தான் இது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் நோய்.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இது வருகிறது. அதில் சுமார் 40 சதவீதம் பேருக்கு முதல் பழுது உடம்பு முழுக்க இருக்கும். மீதிப் பேருக்குக் கண்ணில் மட்டும். இரண்டு கண்ணிலும் கட்டி இருந்தால் பழுது உடம்பு முழுக்க இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் என்றாலும், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றாலும், அப்படிப்பட்ட ஏழு குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு உடம்பு முழுக்கப் பழுது இருக்கும். சோதனை இல்லாமல் அந்த ஒருவரை அடையாளம் காண வழியில்லை.

படி 3: சோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளாதீர்கள்

கண்மணியில் வெள்ளையாகப் பளபளப்பது, ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுவது, திடீரென்று மாறுகண் வருவது: இவைதான் முதல் அறிகுறிகள். "பூ விழுந்திருக்கிறது, தானாகப் போய்விடும்" என்று வீட்டில் சொல்லி மாதங்கள் ஓடிவிடக் கூடாது. கட்டியைக் கண்ணுக்குள் பார்த்தே டாக்டர் உறுதி செய்துவிடுவார். ஊசி போட்டுத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி இந்தக் கட்டிக்குச் செய்வதில்லை; செல்கள் கண்ணை விட்டு வெளியே பரவிவிடக்கூடும். ஆர்பி1 சோதனை முடிவு வரும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும்.

படி 4: எந்த மாதிரியைக் கொடுப்பது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கண்ணிலும் கட்டி இருந்தால் ரத்தம் போதும். பழுது எல்லா செல்லிலும் இருக்கும் என்பதால் ரத்தச் செல்லிலும் தெரியும். நல்ல ஆய்வகம் சுமார் 95 சதவீதம் பேரிடம் அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஒரு கண்ணில் மட்டும் கட்டி, அந்தக் கண்ணை எடுக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது என்றால், கட்டித் திசுவையும் சோதிக்க வேண்டும். முதலில் கட்டியில் இரண்டு பழுதுகளும் என்னென்ன என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு குழந்தையின் ரத்தத்தில் அந்த இரண்டில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடுவார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடுவதால், ரத்தத்தில் இல்லை என்ற பதிலுக்கு உண்மையான கனம் கிடைக்கிறது. வெறும் ரத்தத்தை மட்டும் பார்த்து இல்லை என்று சொன்னால், உண்மையிலேயே இல்லையா, நம் கண்ணுக்குத் தப்பிவிட்டதா என்பது தெரியாது.

கஷ்டம் என்னவென்றால், கட்டித் திசு கிடைப்பது அறுவைச் சிகிச்சை நடக்கும் அந்த ஒரே நாளில்தான். எடுத்த கண்ணை வழக்கமாக ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஃபார்மலினில் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். அதிலும் சோதனை செய்யலாம், ஆனால் தரம் குறையும். கொஞ்சம் புதுத் திசுவை உடனே உறைய வைத்துவிட்டால் வேலை சுலபம். எனவே அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: "ஆர்பி1 சோதனைக்குக் கொஞ்சம் திசு தனியாக எடுத்து வைக்க முடியுமா? யார் எடுப்பார்கள், எங்கே அனுப்புவார்கள்?" கண் நரம்பின் வெட்டு முனையிலும், விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்தக்குழாய் அடுக்கான கோராய்டிலும் நோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோய்க்குறியியல் டாக்டருக்கு முதல் கடமை. அதற்கு இடைஞ்சல் வராதபடி எடுக்க வேண்டும் என்பதால் இதை முன்கூட்டியே அவர்கள் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அறுவை முடிந்து வாரங்கள் ஆகிவிட்டாலும் மனம் தளர வேண்டாம். மருத்துவமனையில் பாரஃபின் கட்டையாக, அதாவது மெழுகில் பதித்துத் திசு சேமிப்பில் இருக்கும், அதைக் கேட்டு வாங்கலாம்.

கண்ணை எடுக்காமல் சிகிச்சை நடக்கும் குழந்தைகளுக்குக் கட்டித் திசு கிடைக்காது. கண்ணின் முன்னறை நீரில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைப் படிக்கும் முறை 2017இலிருந்து வளர்ந்துவருகிறது. எல்லா ஊரிலும் கிடைக்காது, ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

மாதிரி கொடுக்கும் அதே வாரத்தில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். அம்மா, அப்பா இருவரும் கண்மணியை மருந்து போட்டு விரித்து விழித்திரையைக் காட்ட வேண்டும். சிலருக்குச் சின்ன வயதில் ஒரு சிறு கட்டி வளர்ந்து, தானே நின்று, சுண்ணாம்புத் தழும்பாக மாறியிருக்கும். பார்வையும் நன்றாக இருப்பதால் அவருக்கே தெரியாது. அந்த ஒரு தழும்பு குடும்பத்தின் கதையையே மாற்றிவிடும்.

படி 5: என்ன சோதனை செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள்

"ஆர்பி1 டெஸ்ட்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு வேலைகள் இருக்க வேண்டும். ஒன்று, 27 எக்ஸான்களையும் அவற்றின் ஓரங்களையும் எழுத்து எழுத்தாக வாசிப்பது. இன்னொன்று, ஓர் எக்ஸானோ மொத்த மரபணுவோ காணாமல் போயிருக்கிறதா என்று அளவெடுப்பது. இதற்குப் பெரும்பாலும் எம்.எல்.பி.ஏ. என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். எழுத்து வாசிப்பில் மட்டும் நிறுத்திக்கொண்டால், ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இருக்கும் பெரிய நீக்கங்கள் தப்பிவிடலாம். இருக்கும் இன்னொரு பிரதி ஒழுங்காக வாசிக்கப்படுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். இரண்டும் சேர்ந்ததா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக ஒன்று: மொசைக் நிலையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆழமாக வாசிக்கிறார்களா? பழுது கருவில் சில செல் பிரிவுகளுக்குப் பின் நடந்திருந்தால், உடம்பில் சில செல்லில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. நூறு வாசிப்பில் ஐந்து பத்தில் மட்டும் தெரியும் மாற்றத்தை மேலோட்டமான வாசிப்பு தவறவிடும்.

தமிழ்நாட்டில் சென்னை சங்கர நேத்ராலயாவும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவும் இந்த மரபணுவில் ஆய்வு செய்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கின்றன. உங்கள் டாக்டர் எங்கே அனுப்பினாலும், அறிக்கையை உட்கார்ந்து விளக்க ஒரு மரபணு ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

படி 6: அறிக்கையை வரி வரியாகப் படிப்பது

அறிக்கையில் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும். நான் அவற்றைத் தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். இந்த நோயில் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும் ஒரு மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம்:

ஆர்பி1, எக்ஸான் 10, சி.958சி>டி, பி.ஆர்ஜி320டெர், ஹெட்டிரோசைகஸ், பேத்தோஜெனிக்.

"சி." என்று புள்ளியோடு தொடங்குவது, புரதத்துக்கான செய்தி எழுதப்பட்ட டி.என்.ஏ.வின் முதல் எழுத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதற்கான அடையாளம். 958ஆவது இடத்தில் சி இருக்க வேண்டும். இங்கே டி இருக்கிறது. மூன்று எழுத்து சேர்ந்தால் ஓர் அமினோ அமிலம். 319 மும்மைகள் முடியும்போது 957 எழுத்து ஆகியிருக்கும். ஆக 958 என்பது 320ஆவது மும்மையின் முதல் எழுத்து. அங்கே சிஜிஏ என்று இருந்தது, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்கச் சொல்லும் சொல் அது. முதல் எழுத்து மாறியதும் டிஜிஏ ஆகிவிட்டது. அது அமினோ அமிலம் எதையும் குறிப்பதில்லை. "இங்கே நிறுத்து" என்ற கட்டளை. பி. என்று தொடங்கும் பகுதி இதைத்தான் புரதத்தின் மொழியில் சொல்கிறது: 320ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் நிறுத்தம்.

928 அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில் 319 மட்டும். ஈ2எஃப்பைப் பிடிக்கும் பை போன்ற பகுதி அதற்கும் பின்னால்தான் தொடங்குகிறது. அதுவரை போகவே இல்லை. நடைமுறையில் அந்த அரைகுறைப் புரதம்கூட உருவாவது அபூர்வம். புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்தான் ஆர்.என்.ஏ. பாதியில் நிறுத்தக் கட்டளை உள்ள ஆர்.என்.ஏ.வைச் செல் கண்டுபிடித்து அழித்துவிடும். அந்தப் பிரதி முழுக்க வீண்.

ஏன் இதே இடம் பல குழந்தைகளில் கெடுகிறது? சியும் ஜியும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் சியின் மேல் மெத்தில் என்ற சிறு தொகுதி ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட சி, எந்தக் காரணமும் இல்லாமல், வேதியியல்படி தானாகவே டி ஆகிவிடும் இயல்பு கொண்டது. ஆர்பி1இல் சிஜிஏ மும்மைகள் பல உள்ளன. அந்த இடங்கள்தான் அடிக்கடி அடிவாங்குகின்றன.

இந்த இடத்தில் குடும்பத்தாரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததால் என்றோ, ஏதோ சாப்பிட்டதால் என்றோ எந்த அம்மாவையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை. புதிதாகப் பிறக்கும் பழுதுகளில் பெரும்பாலானவை அப்பாவிடமிருந்து வந்த பிரதியில், விந்து உருவாகும்போது நடந்தவை. அதற்காக அப்பாவையும் யாரும் குறைசொல்ல முடியாது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததும் காரணமில்லை. நெருங்கிய உறவுத் திருமணத்தால் வரும் நோய்களில் ஒரே பழுதின் இரண்டு பிரதிகள் இரு பக்கமிருந்தும் வந்து சேர வேண்டும். இதில் பரம்பரையாக வருவதற்கு ஒரு பக்கத்து ஒரு பழுதே போதும்.

சரி, மீதிச் சொற்கள். ஹெட்டிரோசைகஸ் என்றால் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம். ரத்தத்தில் இப்படித்தான் இருக்கும், வாசிப்பில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று காட்டும். பாதியை விட மிகக் குறைவான சதவீதம் போட்டிருந்தால் மொசைக்காக இருக்கலாம், அதைக் கேளுங்கள். கட்டியின் அறிக்கையில் நல்ல பிரதி காணாமல் போய், கெட்ட பிரதி மட்டும் எஞ்சியிருப்பதை அடிக்கடி காணலாம். இரண்டாவது பழுது மிக அதிகமாக நடக்கும் விதம் அதுதான்.

கடைசிச் சொல் வகைப்பாடு. ஐந்து படிகள் உண்டு: நோய் உண்டாக்குவது (இதுதான் பேத்தோஜெனிக்), நோய் உண்டாக்கக்கூடியது, அர்த்தம் தெரியாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. முதல் இரண்டை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். நடுவில் உள்ள "வி.யூ.எஸ்." என்ற அர்த்தம் தெரியாத வகை வந்தால், அதை வைத்துக் குடும்பத்தில் யாருக்கும் ஆபத்து உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

எல்லாப் பழுதும் ஒரே வலுவுள்ளவை அல்ல. மேலே பார்த்த வகையைப் பெற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கட்டி வரும். ஆனால் பி.ஆர்ஜி661டிஆர்பி போன்ற சில மாற்றங்களில் புரதம் உருவாகிறது, பாதி வேலையும் செய்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்களில் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் இல்லாமல் பேரனுக்கு ஒரு கண்ணில் மட்டும் வரலாம். அறிக்கையில் "லோ பெனட்ரன்ஸ்" என்று குறித்திருந்தால் இதைத்தான் சொல்கிறார்கள்.

படி 7: "கண்டறியப்படவில்லை" என்றால்

யாருடைய, எந்த மாதிரியில் என்று பார்க்காமல் இந்த வரியை நம்பக் கூடாது.

ஒரு கண்ணில் கட்டி, கட்டித் திசுவில் இரண்டு பழுதும் தெரிந்துவிட்டன, அவை இரண்டும் ரத்தத்தில் இல்லை. இது நல்ல செய்தி. குழந்தைக்குப் பழுது கண்ணோடு நின்றிருக்க வாய்ப்பு மிக அதிகம். மிகக் குறைந்த அளவு மொசைக் இருக்கக்கூடும் என்ற சின்னச் சந்தேகத்தால் அடுத்த கண்ணைச் சில ஆண்டுகள் பார்ப்பார்கள். அவர் பெரியவராகிப் பெற்றெடுக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குறிப்பிட்ட பழுதைச் சோதிக்கச் சொல்வார்கள்.

ஒரு கண்ணில் கட்டி, திசு கிடைக்கவில்லை, ரத்தத்தில் எதுவும் தெரியவில்லை. ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது, பூஜ்ஜியமாகவில்லை. கண் பரிசோதனைகள் தொடரும்.

இரண்டு கண்ணிலும் கட்டி, ரத்தத்தில் எதுவும் தெரியவில்லை. இங்கே பழுது இல்லை என்று அர்த்தமே கிடையாது. சோதனை அதைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மொசைக்காக இருக்கலாம், எக்ஸான்களுக்கு நடுவே வெகு ஆழத்தில் ஒளிந்திருக்கலாம், குரோமோசோம் துண்டு இடம் மாறியிருக்கலாம். கட்டித் திசுவோ ஆர்.என்.ஏ. சோதனையோ உதவும். குழந்தையை உடம்பு முழுக்கப் பழுது உள்ளவராகவே கருதிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு அபூர்வ வகையும் உண்டு. ஒரு கண்ணில் வரும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டில் ஆர்பி1 நன்றாகவே இருக்கும், எம்.ஒய்.சி.என். என்ற வேறொரு மரபணு பல மடங்கு பெருகியிருக்கும். இவை மிகச் சின்னக் குழந்தைகளிடம், வேகமாக வளரும் கட்டிகளாக வருகின்றன.

படி 8: வீட்டில் மற்றவர்கள்

குழந்தையின் பழுது என்னவென்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறைவு, விடையும் தெளிவு. அம்மா அப்பாவின் ரத்தத்தில் முதலில் பார்ப்பார்கள். யாரோ ஒருவரிடம் இருந்தால் அடுத்து வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவீத வாய்ப்பு. இருவரிடமும் இல்லை என்றாலும் அண்ணன், தம்பி, தங்கைகளைச் சோதிக்க வேண்டும். பெற்றோரின் கருமுட்டையிலோ விந்திலோ மட்டும் பழுது இருந்து, ரத்தத்தில் தெரியாமல் போக வாய்ப்புண்டு. சோதனையில் அந்தப் பழுது இல்லாத தம்பிக்கு, மயக்க மருந்து கொடுத்து அடிக்கடி கண் பார்ப்பது முற்றிலும் தேவையில்லாமல் போகிறது. இந்தச் சோதனையால் கிடைக்கும் மிகப் பெரிய லாபங்களில் இது ஒன்று.

பழுது இருக்கும் பச்சைக் குழந்தைக்குக் கண் பரிசோதனை பிறந்த சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். இரண்டு மாதம் வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வயது வரை மாதம் ஒருமுறை, இரண்டு வயது வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூடிக்கொண்டே போய் ஏழு வயது வரை நடக்கும். டாக்டர் உங்கள் குழந்தைக்கு ஏற்றபடி இதை மாற்றுவார். கடுகளவில் பிடித்த கட்டியை லேசரிலோ உறைய வைத்தோ அழித்துவிடலாம், பார்வையும் தங்கும்.

அடுத்த கர்ப்பத்தைப் பற்றி யோசிப்பவர்கள் கருத்தரிப்பதற்கு முன்பே ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ தெரிந்த பழுதைத் தேடலாம். சோதனைக்குழாய் முறையில் பழுதில்லாத கருவைத் தேர்ந்தெடுத்து வைக்கவும் முடியும். இந்தியாவில் இவை, பிறக்கும் முன் செய்யும் சோதனைகளை ஒழுங்குபடுத்தும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற மையங்களில் மட்டுமே நடக்கும். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள். கர்ப்பத்தைக் கலைக்கத்தான் இந்தச் சோதனை என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பிறக்கும் முன்பே தெரிந்தால் பிரசவத்தைச் சற்று முன்கூட்டியே திட்டமிட்டு, பிறந்த கையோடு கண்ணைப் பார்த்துச் சிகிச்சை தொடங்கலாம். அதற்காகவே சோதனை செய்துகொள்பவர்களும் உண்டு.

படி 9: உடம்பு முழுக்கப் பழுது உள்ள குழந்தை வளரும்போது

கண் சிகிச்சை முடிந்ததும் இந்த மரபணுவின் கதை முடிவதில்லை. ஒவ்வொரு செல்லிலும் ஒரு பிரதிதான் மிச்சம் என்பதால், பிற்காலத்தில் வேறு புற்றுநோய்கள் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். எலும்புப் புற்றுநோய், குறிப்பாகப் பதின்ம வயதில். மென்திசுக் கட்டிகள், தோலில் மெலனோமா என்ற புற்றுநோய். சின்ன வயதில் மூளையின் பீனியல் சுரப்பியில் ஒரு கட்டி வரக்கூடும். அதனால் நோய் தெரிந்ததும் மூளையை எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பார்கள், சில மையங்கள் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடரும்.

கதிர்வீச்சு இந்த ஆபத்தைக் கூட்டுகிறது, அதுவும் ஒரு வயதுக்குள் கொடுத்தால் இன்னும் அதிகமாக. வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுக்கும் பழைய சிகிச்சையை மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டு, கீமோ, ரத்தக்குழாய் வழியாகக் கண்ணுக்கு மட்டும் மருந்து செலுத்துவது ஆகியவற்றுக்கு மாறியதற்கு இதுவே பெரிய காரணம். வேறு எந்த நோய்க்காக எந்த டாக்டரிடம் போனாலும், ஆர்பி1 பழுது இருப்பதை முதலில் சொல்லுங்கள். சி.டி. ஸ்கேனுக்குப் பதில் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேளுங்கள். அடிபட்டு வந்ததாகத் தோன்றும் முழங்கால் வலி வாரக்கணக்கில் நீடித்தாலோ இரவில் அதிகமானாலோ, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு, அதற்குப் பயந்து தள்ளிப்போடக் கூடாது. புகையிலை பக்கமே போகக் கூடாது என்பதைப் பதின்ம வயதிலேயே காரணத்தோடு சொல்லுங்கள்.

13ஆம் குரோமோசோமில் ஆர்பி1ஓடு அக்கம்பக்கத்து மரபணுக்களும் சேர்ந்து போயிருந்தால் வளர்ச்சியிலும் கற்றலிலும் தாமதம் இருக்கலாம். எம்.எல்.பி.ஏ. முடிவில் மரபணு முழுக்க நீங்கியிருப்பதாக வந்தால், நீக்கம் எவ்வளவு நீளம் என்று தனியாகக் கேட்டு, குழந்தை நல மருத்துவரிடமும் காட்டுங்கள்.

படி 10: பெரியவர்களின் கட்டி அறிக்கையில் ஆர்பி1 வந்தால்

நுரையீரலிலோ மார்பகத்திலோ கட்டி வந்த பெரியவரின் மரபணு அறிக்கையில் "ஆர்பி1 இழப்பு" என்று பார்த்துவிட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கண்ணில் வருமா என்று பயப்படுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்தப் பழுது அந்தக் கட்டியில் மட்டும், வாழ்நாளில் நடந்தது. சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில் ஏறக்குறைய எல்லாருக்குமே ஆர்பி1 போயிருக்கும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடலாம்.

மார்பகப் புற்றுநோயில் இந்த வரிக்கு இன்னொரு பயன் இருக்கிறது. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்லிப், பிறகு வந்த ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப் ஆகிய மருந்துகள் முதல் படியில் பார்த்த சிடிகே4, சிடிகே6 நொதிகளை அடைத்து, ஆர்பி புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறாமல் தடுக்கின்றன. ஆர்பி புரதம் இருந்தால்தான் இந்த மருந்துகளுக்கு வேலை. கட்டி ஆர்பி1ஐ முழுக்க இழந்திருந்தால் மருந்து காப்பாற்றுவதற்கு அங்கே காவலாளி இல்லை; வேறு வழி யோசிக்க வேண்டியிருக்கும். இதை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்

முழு அறிக்கையின் எல்லாப் பக்கங்களும். கடைசிப் பக்கம் மட்டும் போதாது. பழுதின் சி. எண், பி. எண், எந்த டிரான்ஸ்கிரிப்ட்டை, அதாவது மரபணுவின் எந்த மாதிரிப் பிரதியை வைத்து எண்ணினார்கள் என்ற குறிப்பு. ஆர்பி1க்கு அது பெரும்பாலும் 000321 என்ற எண்ணோடு வரும். ரத்தமா கட்டியா என்பது, சோதனை முறைகள், ஆய்வகத்தின் மாதிரி எண். கண்ணை எடுத்திருந்தால் நோய்க்குறியியல் அறிக்கையும் பாரஃபின் கட்டையின் எண்ணும். கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு அளவு என்ற விவரம். இவற்றை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுத்து, மரபணு ஆலோசகரிடம் ஒருமுறை தனியாகப் பேச நேரம் வாங்கிக்கொடுங்கள். குழந்தையாக இருந்தபோது நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. கல்யாணப் பேச்சு தொடங்கும் முன் அவருக்கு இது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.